பூத்தொடுக்க வருகிறது, காப்பி போட வரவில்லை: மறதிநோயில் இப்படி நடக்குமா?

கேள்வி (வைகைக்கரை):
என் தாயாருக்கு 74 வயது. அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று ஓராண்டுக்கு முன் நரம்பியல் மருத்துவர் கூறினார். மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டால் இன்றும் பேசிக்கொண்டே நெருக்கமாகத் தொடுத்துவிடுகிறார். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக விடியற்காலையில் செய்துவந்த காப்பி வேலையில் தடுமாறுகிறார். நேற்று காப்பித்தூளைப் பில்டரின் அடிப்பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் பாலை ஊற்றிவிட்டு, அடுத்து என்னவென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இருமுறை பணம் கொடுத்திருக்கிறார். "பூத்தொடுக்கத் தெரிகிறவருக்கு இது மட்டும் எப்படி மறக்கும்?" என்று என் அண்ணன் கோபப்படுகிறார். இனி அவரை அடுக்களைப் பக்கம் விடாமல் இருப்பதுதான் நல்லதா?

பதில் 1 (கைப்பழக்கம்):
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவுபவராகப் பணிபுரிகிறேன். உங்கள் அண்ணனின் கேள்வி நியாயமானதே, ஆனால் கோபம் தேவையில்லை. பூத்தொடுப்பது ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலை. பல ஆண்டுப் பழக்கத்தில் கையோடு ஊறிப்போன இத்தகைய திறன்களை மூளையின் உட்புற நரம்புத் திரள்களும் சிறுமூளையும் தாங்கி நிற்கின்றன. அல்சைமர் நோயோ புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குவதால், கைப்பழக்கம் நெடுநாள் நிலைத்திருக்க, சற்றுமுன் செய்தது மட்டும் நழுவிவிடுகிறது. காப்பி போடுகிறவர் தூள் போட்டாயிற்றா, வெந்நீர் ஊற்றியாயிற்றா, பால் பொங்குகிறதா என்று ஒவ்வொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்ததை முடிவுசெய்ய வேண்டும்.

முதியவர் ஒருவர் அன்றாட வேலைகளைத் தனியே எவ்வளவு செய்கிறார் என்று மதிப்பிட, லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட அளவுகோலை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம் என எட்டுத் திறன்கள் அதில் உள்ளன. மறதிநோயில் பெரும்பாலும் முதலில் சறுக்குபவை இவைதாம். குளித்தல், உடுத்தல், உண்ணல் போன்றவை பின்னரே பாதிக்கப்படும். எனவே காப்பியை விடவும் மாத்திரைகளை நான் முதலில் கவனிப்பேன், ஏனெனில் இருமுறை பணம் கொடுத்தவர் இரத்த அழுத்த மாத்திரையையும் இருமுறை விழுங்கக்கூடும். அடுப்பு உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும். அடுக்களையை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். பாலைக் காய்ச்சி, டிக்காஷனை இறக்கி நீங்கள் வைத்துவிட்டால், கலந்து ஆற்றுவதை அவர் செய்யலாம்.

பதில் 2 (வடமராட்சி):
எங்கள் ஊரில் இதனை "அறளை பெயர்ந்துவிட்டது" (வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது) என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். என் மாமனாரை நாங்களும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் கவனியாமல் விட்டோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பின்னர் அவர் குளிக்க மறுத்தபோது பிடிவாதம் என்றே எண்ணினோம். வெள்ளைத் தரையில் வைத்த வெள்ளை வாளி அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்பது, சிவப்பு வாளி வாங்கி வைத்த அன்றுதான் விளங்கியது. உடுப்பையும் போடவேண்டிய வரிசையிலேயே கட்டிலில் அடுக்கி வைப்போம்: மேலே உள்ளாடை, அதன்கீழ் சாரம், கடைசியில் சட்டை. "உடுப்பை மாற்றுங்கோ" என்று மொத்தமாகச் சொன்னால் அப்படியே இருப்பார்; ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தால் தானே போட்டுக்கொள்வார்.

பதில் 3 (மூன்றாம் மாடி):
முன்னவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்நோய் பொதுவாக மெல்ல மெல்லத்தான் முற்றும். சில நாள்களுக்குள் திடீரென்று தடுமாற்றம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாமல் சிறுநீர்த்தொற்று, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளைச் செய்திராவிட்டால் செய்துவிடுவதும் நல்லது. மூக்குக்கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் பில்டரின் மேற்பாத்திரமும் அடிப்பாத்திரமும் குழம்பத்தான் செய்யும்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தேன். இந்த வாரத்தில் மூன்று மாத்திரைகள் கூடுதலாகக் குறைந்திருக்கின்றன. நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன், டப்பா இனி என் அலமாரியில் இருக்கும். இன்று காலை டிக்காஷனையும் பாலையும் நான் எடுத்து வைத்தேன். அம்மா டவராவில் நுரை பொங்க ஆற்றி முதலில் அண்ணனிடம் நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார்.