ஒரு செட் என்றால் இரண்டா, மூன்றா?

இரணியல் இளையவன்:
நேற்று ஒருவர் இங்கே செட் தோசைப் படம் போட்டார். அதன் கீழே கோட்டாறு அண்ணாச்சி எழுதிய தீர்ப்பு: "செட் என்றாலே இரண்டு. மூன்று கேட்கிறவனுக்கு இங்கிலீசும் தெரியாது, தோசையும் தெரியாது." படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நான் 6 வருடம் பெங்களூரில் இருந்தவன். அங்கே செட் தோசை கேட்டால் மெத்தை மாதிரி மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக வரும். பக்கத்தில் சாகு என்கிற காய்கறிக் குருமா. போன வாரம் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கேட்டேன், இரண்டுதான் வந்தது. மூன்றாவது எங்கே என்றேன். சப்ளையர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணி வைக்காமலே போய்விட்டார்.

கோட்டாறு அண்ணாச்சி:
பெங்களூர் பழக்கத்தைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வரணும் தம்பி. செட் பூரி இரண்டு. செட் பரோட்டா இரண்டு. செட்டு முண்டு எத்தனை? உடுக்க ஒன்று, மேலே போட நேரியது ஒன்று. ஓணத்துக்கு யாராவது மூன்று துணி சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாயா? செட் என்றால் இரண்டு.

தக்கலை தையல்காரி:
துணிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். சுடிதார் செட்டுக்கு டாப், பேன்ட், ஷால் என்று மூன்று உண்டு அண்ணாச்சி. ஷால் இல்லாமல் இரண்டை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்தால், வாசல்படி இறங்குமுன்னே "அக்கா, செட்டு முழுசா இல்லையே" என்று திரும்பி வருவார்கள்.

கோட்டாறு அண்ணாச்சி:
ஷால் துணைக்கு வருவது. கணக்கில் சேராது. செட் என்றால் இரண்டு.

தக்கலை தையல்காரி:
அப்படியானால் நேரியதும் துணைக்கு வருவதுதானே? உங்கள் செட்டு முண்டு இப்போது ஒன்றாகிவிட்டது. வாழ்த்துகள்.

கணக்கு வாத்தியார்:
ஒரு சொல்லை வைத்துச் சண்டை போடுமுன் அகராதியைத் திறக்கலாமே. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு 430 பொருள் போட்டிருக்கிறார்கள். விளக்கம் மட்டுமே ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு அதை முந்திவிட்டதாகச் சொன்னார்கள், அது வேறு கதை. 'செட்' உண்மையில் ஒரே சொல்லும் இல்லை. 'அலாரம் செட் பண்ணு' என்பதில் இருப்பது பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்', அதாவது உட்காரவைப்பது. 'தோசை செட்' என்பதில் இருப்பது லத்தீன் 'செக்தா' பிரெஞ்சு வழியாக வந்தது, பின்பற்றும் கூட்டம் என்று பொருள். இரண்டு ஆறும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டன. எண்ணிக்கைக்கு இதில் இடமே இல்லை.

கோட்டாறு அண்ணாச்சி:
வாத்தியாரே, நன்றி. 430 பொருளில் 'மூன்று' என்று எங்காவது போட்டிருக்கிறதா? இருந்தால் பக்கத்தைச் சொல்லுங்கள்.

இரணியல் இளையவன்:
'இரண்டு' என்று போட்டிருக்கிறதா?

கோட்டாறு அண்ணாச்சி:
முதலில் கேட்டது நான்.

கணக்கு வாத்தியார்:
ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே கணம்தான். செட்டுக்கு நாம் வைத்த தமிழ்ப் பேர். கணத்தில் ஒரு உறுப்பு இருக்கலாம், ஆயிரம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதுதான் வெற்றுக் கணம். ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் ஒன்றாகத்தான் கொள்ளவேண்டும். தோசை, தோசை, தோசை என்று மூன்று தடவை எழுதினாலும் கணிதப்படி அங்கே இருப்பது ஒரு தோசை.

குளச்சல் காற்று:
சார், இதை எந்த ஓட்டல்காரர் காதிலும் போட்டுவிடாதீர்கள். வெறும் தட்டை வைத்துவிட்டு வெற்றுக் கணம் என்று பில் போட்டுவிடுவார்.

மார்த்தாண்டம் கொத்தனார்:
எங்கள் வேலையில் செட் என்றால் எண்ணிக்கை கிடையாது, நேரம்தான். சாதாரண சிமெண்ட் தண்ணீர் பட்ட 30 நிமிடத்துக்குள் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது கணக்கு. கலவையைக் கலக்கினால் சட்டென்று போட்டு முடித்துவிட வேண்டும். ஒருத்தர் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போடும்போது, கலவையைக் குவித்துவைத்த பிறகு நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார். யார் என்று நான் சொல்லமாட்டேன். கோட்டாற்றுப் பக்கம்.

கோட்டாறு அண்ணாச்சி:
மாடி ஒழுகுவது நல்ல நேரத்தால் இல்லை, நீ கலவையில் ஊற்றிய தண்ணீரால். அதை ஏன் இங்கே இழுக்கிறாய்? பேச்சு செட்டைப் பற்றி. செட் என்றால் இரண்டு.

மார்த்தாண்டம் கொத்தனார்:
ஒழுகுகிறது என்று நான் சொல்லவே இல்லையே அண்ணாச்சி. நீங்களே சொன்னீர்கள்.

தமிழ்த் தாகம்:
எல்லோரும் இங்கிலீசுக்காரன் காலில் ஏன் விழுகிறீர்கள்? 'செட்டு' நம்முடைய சொல். 'கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டதில்லையா? வாணிபம், சிக்கனம் என்று தமிழ் அகராதிகளிலேயே இருக்கிறது. செட்டு முண்டும் அந்தச் செட்டுதான்!

கணக்கு வாத்தியார்:
அந்தச் 'செட்டு' உண்டு, நல்ல சொல்தான். ஆனால் அது வேறு, இது வேறு. ஒலி ஒன்றாக இருந்தால் உறவாகிவிடாது.

தமிழ்த் தாகம்:
பள்ளியில் எனக்கு 34 மார்க் போட்டு அனுப்பியவர் நீங்கள். இப்போதும் அதே கை.

கோட்டாறு அண்ணாச்சி:
சிக்கனம் என்றால் மூன்று தின்கிற இடத்தில் இரண்டோடு எழுந்திருப்பது. தமிழ்த் தாகமும் என் கட்சி.

குழித்துறை மட்டிப்பழம்:
எங்கள் பக்கம் காலையில் சாயாக்கடையில் 'ஒரு செட்' என்றால் என்ன வரும் தெரியுமா? புட்டு, பயறு, பப்படம், ஒரு மட்டிப்பழம். நாலு. சூட்டோடு புட்டின்மேல் பயற்றைக் கவிழ்த்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் சேர்த்துப் பிசைந்தால் அதுதான் செட். அதில் ஒன்று குறைந்தாலும் கை நிற்கும். ஒரே சாமானை அடுக்கி எண்ணுவது அடுக்கு, செட் இல்லை.

கோட்டாறு அண்ணாச்சி:
நீங்கள் பாதி மலையாளம் பேசுகிற ஆட்கள். உங்கள் கணக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு.

குழித்துறை மட்டிப்பழம்:
ஓய், வார்த்தையை அளந்து பேசும். செட்டு முண்டை முதலில் இழுத்தது நீர்தானே, அது என்ன கோட்டாற்றுத் தறியிலா பிறந்தது? 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாவும் சேர்ந்துதான் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எங்கள் விளவங்கோட்டில் அதற்காக அடிபட்ட குடும்பங்கள் உண்டு. நாலும் ஒரு செட். செட் என்றால் இரண்டுதான் என்றால் எந்த இரண்டைத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்?

குளச்சல் காற்று:
அன்றைக்குச் செங்கோட்டையும் வந்தது. அது திருநெல்வேலியோடு போய்விட்டது. அதையும் சேர்த்தால் ஐந்து.

இரணியல் இளையவன்:
தோசைக்கு வாங்கப்பா. மூன்று.

குளச்சல் காற்று:
வாலிபாலிலும் மூன்றுதான். 3 செட் எடுத்தவன் ஜெயித்தான். 25 பாயிண்ட், ஐந்தாவது செட்டுக்குப் போனால் மட்டும் 15. எங்கள் கடற்கரைச் செட்டுப் பையன்களை ஐந்தாவது வரை இழுத்த அணி குறைவு.

கோட்டாறு அண்ணாச்சி:
வலைக்கு இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி. எத்தனை? இரண்டு.

தக்கலை தையல்காரி:
இவரிடம் பேசுவதற்குத் தையல் மிஷினிடம் பேசலாம். அதுவாவது நூல் அறுந்தால் நிற்கும்.

மார்த்தாண்டம் கொத்தனார்:
அண்ணாச்சி, மாடி வேலைப் பாக்கி இன்னும் வரவில்லை. ஒரே தடவையில் கஷ்டம் என்றால் இரண்டு தவணையாகத் தாருங்கள். ஒரு செட்.

கோட்டாறு அண்ணாச்சி:
பணப்பேச்சைப் பொதுவில் எடுக்காதே. ஒழுக்கு நிற்கட்டும், பார்க்கலாம். இதுவரை ஒருவராவது 430 பொருளில் மூன்று என்று காட்டினீர்களா? இல்லை. அப்புறம் என்ன?

பூதப்பாண்டிப் புதுசு:
மேலே படிக்க நேரமில்லை, மன்னிக்கவும். செட் தோசை மெத்தென்று வர மாவில் என்ன சேர்க்க வேண்டும்?

தக்கலை தையல்காரி:
ஊறவைத்த அவல் ஒரு கைப்பிடி சேர்த்து அரை மக்கா. கல்லில் ஊற்றிப் பரப்பாதே, மூடிவை, திருப்பிப் போடாதே.

கோட்டாறு அண்ணாச்சி:
அவல் இருக்கட்டும். எத்தனை ஊற்றப்போகிறாய் என்று முதலில் சொல்.