புதுப்பிப்பு: பள்ளிக் கூட்டம் ஒருவழியாக நடந்தது

போன மாதம் புலம்பியிருந்தேனே, பேச்சு வராத என் மகளை வகுப்பில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நான் நாள் முழுக்கப் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்று, அதன் தொடர்ச்சி இது. சரி, கூட்டம் நடந்தது. தனியாகப் போகாதே என்று நீங்கள் சொன்னபடி, துணையோடுதான் போனேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மா கூட வந்து குறிப்பெடுத்தார், அதற்கே பள்ளிக்காரர்கள் தொனி மாறிவிட்டது. மகளுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், படப் பலகையைக் காட்டி எப்படிப் பதில் சொல்வாள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். மருத்துவ அறிக்கைக் கட்டை யாரும் புரட்டவில்லை, இந்தப் பக்கத்தைத்தான் படித்தார்கள்.

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, தேவையான உதவியோடு பொதுப் பள்ளியில் படிப்பதை உரிமை என்கிறது, சலுகை என்று அல்ல, இதையும் (குரல் நடுங்கத்தான்) சொன்னேன். வீடு வந்ததும் பேசியதையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பி, தவறிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். வாய்வார்த்தையை நம்பி ஏற்கெனவே பட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு வாசல் காவல் இல்லை. உதவியாளர் பாதி நாள்தான், மீதிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். அப்புறம், தூங்கினாயா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் இல்லை.