கவுன்சிலரை இறக்கணும்னு கையெழுத்து வாங்கப் போனவங்க எழுதறது

தண்டையார்பேட்டை:

எங்க வார்டு கவுன்சிலரைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். அதில் பார்த்ததை எழுதறேன். இதே வேலையில் இறங்கினவங்களும் எழுதுங்க. வார்டு எண், ஆள் பேர் எதுவும் வேண்டாம்.

காரணம் ரெண்டு. தெருவில் யார் வீட்டு வாசல்ல செங்கல் இறங்கினாலும் அன்னிக்குச் சாயங்காலமே கவுன்சிலர் பேரைச் சொல்லி ஆள் வந்து நிப்பாங்க. மாடிப்படி கட்டினாலும் துட்டு, கக்கூஸ் கட்டினாலும் துட்டு. இன்னொண்ணு, கவுன்சிலர் ஒரு அம்மா. அவங்களை நாங்க பார்த்தது பேனர்ல மட்டும்தான். எல்லாத்தையும் நடத்தறது அவங்க வீட்டுக்காரர்.

ஒவ்வொரு வாசல்லயும் முதல் கேள்வி இதுதான்: "நாம கையெழுத்துப் போட்டா இறங்கிடுவாங்களா?" இறங்க மாட்டாங்க. மக்களே ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரை இறக்கறதுக்குத் தமிழ்நாட்டுல சட்டம் இல்லை. மத்தியப் பிரதேசத்துலயும் சத்தீஸ்கர்லயும் நகராட்சித் தலைவரை இறக்கலாம். கவுன்சிலர்கள்ல நாலில் மூணு பங்கு பேர் எழுதிக் கொடுக்கணும், அதுக்கப்புறம் ஊர் மக்கள் ரகசியமா ஓட்டுப் போடணும். மத்தியப் பிரதேசத்துல இதுக்குச் சின்னமே ரெண்டு நாற்காலி. ஆள் உட்கார்ந்த நாற்காலிக்குப் போட்டா நீடிக்கட்டும்னு அர்த்தம், காலி நாற்காலிக்குப் போட்டா போகட்டும்னு அர்த்தம். 2008-ல சத்தீஸ்கர்ல மூணு ஊர்த் தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தாங்க.

நமக்கு இருக்கறது 1998-ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அதுல நீக்கற அதிகாரம் அரசாங்கத்துக்கு. அவங்க நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டுத்தான் செய்யணும். நாங்க வாங்கினது அதுக்கான புகார் மனு. இதை எல்லார்கிட்டயும் சொல்லித்தான் பேனாவை நீட்டினோம்.

சட்டம் தெரிஞ்ச பிறகும் ஜனங்க தயங்கினாங்க. ஏன்னு எனக்குப் புரிஞ்சது ஒரு ஆயா வீட்டுலதான். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, மூணாவது மாடி. மனுவை முழுசாப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. கேட்டுட்டு உள்ள போய் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. ரேஷன் கார்டு, ஆதார், வோட்டர் ஐடி, பேங்க் புக், எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. பேங்க் புக்கைப் பிரிச்சு, 1,200 ரூபாய் விழுந்த வரிமேல விரலை வெச்சாங்க. "போடறேன் நைனா. இது நின்னுடாதே?"

முதியோர் பணம் வட்டாட்சியர் ஆபீஸ் வழியா வர்றது. அதை நிறுத்தக் கவுன்சிலருக்கு அதிகாரமே கிடையாது. ஆனா அந்தப் பணத்துக்கு மனு எழுதிக் கொடுத்தது கவுன்சிலர் ஆபீஸ் பையன். அவன் நெனைச்சா நிறுத்திடுவான்னு இத்தனை நாளா நம்பிட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரியே, வீடு வீடா நாங்க கொடுத்த நோட்டீஸோட பின்பக்கத்தை மாத்தி, எதுக்கு எந்த ஆபீஸ்னு போட்டோம். பட்டா, முதியோர் பணம், சாதிச் சான்று வட்டாட்சியர் ஆபீஸ்; ரேஷன் கார்டு உணவு வழங்கல் ஆபீஸ்; தெரு விளக்கு, குப்பை மாநகராட்சி, போன் 1913. அதைப் படிச்ச பிறகுதான் ஜனங்க நிமிர்ந்து பேசினாங்க. ஆயா போட்டாங்க, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுப் போட வெச்சாங்க.

கடைக்காரங்க கடைசி வரைக்கும் போடலை. நடைபாதையில் கடை வெச்சிருக்கறவங்களை நான் வற்புறுத்தவும் இல்லை. அவங்க சோறு அது.

கொருக்குப்பேட்டை:

அண்ணே, எங்க ஏரியாலயும் இதே கதைதான், கவுன்சிலரும் லேடிதான். நாங்க மகளிர் குழு பொம்பளைங்க சேர்ந்து செஞ்சோம். முத நாளே அந்தம்மா வீட்டுக்காரர் பைக்ல வந்து, "இன்னா பேப்பரு அது, குடு பார்க்கலாம்"னாரு. குடுக்கலை. "குழு லோனுக்கு எங்கிட்டதானே வரணும்"னு சொல்லிட்டுப் போனாரு. லோன் குடுக்கறது பேங்கு, இவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியும் ரெண்டு பேர் குழுவை விட்டு விலகிட்டாங்க.

நான் எழுத வந்தது வேற. ஒரு நாள் மத்தியானம் கவுன்சிலரம்மாவே தனியா எங்க வீட்டுக்கு வந்தாங்க. தரையில உட்கார்ந்தாங்க, மோர் குடிச்சாங்க. மனுவைக் கேட்டாங்க, குடுத்தேன். மெதுவா ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. "துட்டு வாங்கினதெல்லாம் என் பேர்ல எழுதியிருக்கீங்க அக்கா. அவரு பேரு எங்க?"ன்னாங்க. அவர் பதவியில இல்லையே, நீக்கச் சொல்லி அவர் பேரை எப்படி எழுதறதுன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் பேசலை. போகும்போது, "ரிப்பன் மாளிகையில பேசறதுக்கு நானே எழுதி வெச்சிருக்கேன், ஒரு தடவைகூடப் பேச விட்டதில்லை"ன்னு சொன்னாங்க.

சென்னை மாநகராட்சியில 200 வார்டு, அதுல பாதி பெண்களுக்கு. எவ்வளவு பாடுபட்டு வந்தது அது! அந்த நாற்காலியில ஆம்பளை உட்கார்ந்துக்கறான், கெட்ட பேரு மட்டும் பொம்பளைக்கு. அதுக்காக மனுவை வாபஸ் வாங்கலை. பதவியை ஏத்துக்கிட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா கடைசியில ஒரு பாரா சேர்த்தோம்: கவுன்சிலர் வீட்டு ஆம்பளைங்க வார்டு ஆபீஸ்ல உட்காரக் கூடாது, அதிகாரிங்க அவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு.

வியாசர்பாடி:

ரெண்டு பேர் எழுதியதையும் படித்தேன். வயதில் மூத்தவன், கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதால் சொல்கிறேன். கையெழுத்து எத்தனை இருந்தாலும் ஆதாரம் இல்லாமல் மனு நிற்காது. 2025 மார்ச்சில் சென்னைக் கவுன்சிலர்கள் ரெண்டு பேர் உட்பட நாலு பேரை நீக்கி அரசு உத்தரவு போட்டது. அது உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கே தேதியும் காகிதமும்தான் பேசும்.

அதனால் நாங்கள் ஏரியா சபையில், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டத்தில், தொடங்கினோம். 2022-இல் வந்த விதிப்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு கமிட்டியும் ஏரியா சபைகளும் இருக்க வேண்டும், கூட்டம் நடக்க வேண்டும். எங்கள் பகுதியில் கூட்டம் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம்: கூட்டம் எந்தத் தேதியில், யார் வந்தார்கள், நடவடிக்கைக் குறிப்பு எங்கே? வந்த பதிலில் வருகைப் பதிவு நகல் இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. நான் போடாத கையெழுத்து! என் பெயரில் உள்ள 'ழ' வை 'ல' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு தாள்தான் எங்கள் மனுவின் முதல் பக்கம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரைக்கும் சென்னையில் கவுன்சிலரே இல்லை, தனி அதிகாரி ஆட்சி. சாக்கடை அடைத்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அலைந்தோம். ஒருவரை இறக்கச் சொல்லும்போதே, உடனே இடைத்தேர்தல் வை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை:

ஐயா, இடைத்தேர்தல் கோரிக்கையை எங்க மனுவிலயும் சேர்த்துடறோம். தங்கச்சி, அந்தக் கடைசிப் பாராவை அப்படியே இங்க போடுங்க, எடுத்துக்கறோம். மத்தியப் பிரதேசம் மாதிரி இங்கயும் மக்களுக்கு ஓட்டு வேணும், அதுவும் கவுன்சிலர் வரைக்கும் வேணும்னு தனியா ஒரு மனு முதலமைச்சருக்குத் தயார் பண்றோம். ஏரியா சபைப் பதிவேட்டு நகல் வாங்கினவங்க திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் யாராவது இருந்தா, உங்க கையெழுத்து அதுல இருக்கான்னு பார்த்து எழுதுங்க.