பெற்றோலில் கழுவி என்ஜின் ஒயிலில் தோய்த்த எயார் பில்ரர்: இப்போது என்ஜின் லைற் எரிகிறது

செம்மண்தரை: வணக்கம். என்னுடையது கொரோலா 121 கார். முன்பு வைத்திருந்தவர் கழுவிப் பாவிக்கிற பருத்தித்துணி பில்ரர் போட்டிருந்தார். சோளகத் தூசு பிடித்துவிட்டது என்று சேர்விசுக்கு விட்டேன். அங்கே அதைப் பெற்றோலில் கழுவி, கொம்பிரசரால் ஊதி, என்ஜின் ஒயிலில் தோய்த்துப் பூட்டித் தந்துவிட்டார்கள். அந்தக் கிழமையே ஐடில் (கார் நிற்கும்போது என்ஜின் ஓடுகிற வேகம்) ஏறி இறங்கத் தொடங்கியது, இழுவையும் குறைவு. ஸ்கான் பண்ணினால் பி0171 என்ற பிழைக் குறியீடு வருகிறது. பில்ரர் பெட்டியின் அடியில் ஒயில் தேங்கி நிற்கிறது. ஒக்சிஜன் சென்சர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? பில்ரரைக் காப்பாற்றலாமா?

வடமராட்சியான்: தம்பி, ஒக்சிஜன் சென்சருக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பி0171 என்றால் காற்றுக் கூடி பெற்றோல் குறைந்த கலவை. பில்ரருக்கு அடுத்ததாகக் காற்றை அளக்கிற மாஃப் சென்சர் இருக்கிறது. அதற்குள் மெல்லிய சூட்டுக் கம்பி, காற்றுப் பட்டு ஆறுகிற அளவை வைத்துத்தான் கணக்கு. கம்பியில் ஒயில் படிந்தால் உள்ளே போகிற காற்றைக் குறைத்துச் சொல்லும், காரின் கம்பியூட்டரும் பெற்றோலைக் குறைத்துவிடும்.

இப்படித் தோய்ப்பது மோட்டார் சைக்கிள் ஸ்பொஞ்ச் பில்ரருக்குச் செய்கிற வேலை. ஸ்பொஞ்சை ஒயிலில் தோய்த்துப் பிழிந்துவிடலாம், துணியைப் பிழிய முடியாதே. மிஞ்சின ஒயில் முழுக்க என்ஜின் பக்கம்தான் இழுபடும்.

முதலில் சாதாரணக் கடதாசி பில்ரர் ஒன்று போடுங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு, மாஃப் சென்சரின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றி, அதற்கென்றே விற்கிற ஸ்பிரேயை அடியுங்கள். காபரேற்றர் கிளீனர் வேண்டாம், பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும். கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. வடிவாகக் காய்ந்த பிறகு பூட்டி, ஸ்கானரால் பிழைக் குறியீட்டை அழியுங்கள்.

செம்மண்தரை: நன்றி அண்ணை. துணி பில்ரரை எப்படிக் கழுவுவது? தையல் மெசின் ஒயில் போடலாமா?

இணுவில் கராஜ்: போடாதீர்கள். பில்ரர் ஒயிலின் பசைத்தன்மைதான் தூசைப் பிடித்து வைக்கிறது, தையல் மெசின் ஒயில் வழிந்துவிடும். கிளீனரும் ஒயிலும் சேர்ந்த கிற் வாங்குங்கள்.

கிளீனரை இரண்டு பக்கமும் அடித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள், காய விடாதீர்கள். பிறகு மெல்லிய தண்ணீரை உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். வெளியில் இருந்து அடித்தால் அழுக்கு துணிக்குள் இறங்கிவிடும். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்தில் அடியில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால், கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் எடுப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். உதறி, நிழலில் வையுங்கள். கொம்பிரசர் துணியைக் கிழிக்கும், ஹெயார் டிரையர் சூடு சுருக்கிவிடும். இரவு முழுக்கக் கிடக்கட்டும்.

ஒயிலை ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் ஒரே ஒரு கோடாக விட்டு இருபது நிமிடம் பொறுங்கள், தானாகப் பரவும். வெளிறிய இடம் தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு சொட்டு. கையில் எடுத்தால் ஒட்ட வேண்டும், சொட்டக்கூடாது.

இங்கே இன்னொரு சிக்கல். ஒயிலும் சிவப்பு, கோண்டாவில், உரும்பிராய் மண்ணும் சிவப்பு. நிறத்தை வைத்து அழுக்கைக் கணிக்க முடியாது. வெளிப்பக்கக் கம்பிவலையைப் பாருங்கள். வலை முழுதும் தெரிந்தால் கழுவத் தேவையில்லை.

செம்மண்தரை: மாஃப் சென்சருக்கு ஸ்பிரே அடித்தேன். ஐடில் சீராகிவிட்டது, பிழைக் குறியீட்டை அழித்த பிறகு லைற்றும் திரும்ப வரவில்லை. இப்போது கடதாசி பில்ரரோடு ஓடுகிறேன். துணி பில்ரரைக் கழுவிக் காயவைத்து ஒயிலும் விட்டேன், ஆனால் றப்பர் விளிம்பு ஒரு மூலையில் உப்பி நிற்கிறது. பெட்டி மூடி இறுகவில்லை. வெட்டிச் சரிப்படுத்தலாமா?

வடமராட்சியான்: வேண்டாம். அது பெற்றோல் செய்த வேலை, இனிப் பழைய வடிவுக்கு வராது. விளிம்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் தூசு அதால்தான் போகும், அந்த நுண்மணல் சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு நாளும் ஓடுகிற காருக்கு நான் கடதாசி பில்ரரைத்தான் சொல்வேன். சோளகக் காலத்தில் மட்டும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஒயில் ஒன்றும் பூசக்கூடாது.

இணுவில் கராஜ்: திரும்பவும் துணி பில்ரர்தான் வேண்டும் என்றால் புதிதாகவே வாங்குங்கள். அதைச் சேர்விசுக்கு விடுகிற நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.