பொன்னுக்குத் தடை, பின்னலுக்கு மட்டும் விதிவிலக்கா?

எஸ்தர்மகள்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு, நகையும் வெட்டுன முடியும் என்னைக்கு நம்ம பெந்தெகொஸ்தே சபைக்குள்ள வந்துச்சோ அன்னைக்கே ஆவியானவர் வெளிய போயிட்டாருன்னு. படிச்சதுல இருந்து மனசே ஆறல. ஒன்பது வயசுல கண்ணாடிக்கல் வச்ச ஒரு கிளிப் போட்டுக்கிட்டு, ஆவியானவருக்காகக் காத்திருந்து ஜெபிக்கிற காத்திருப்புக் கூட்டத்துக்குப் போனேன். மூப்பரோட மனைவி ஜெபத்துக்கு நடுவுல பக்கத்துல வந்து உக்காந்து கிளிப்பை ஒரே இழுப்பா இழுத்தாங்க, நாலு முடியும் சேர்ந்து வந்துச்சு. அதை என் உள்ளங்கையில வச்சு மூடிட்டு இயேசப்பாவுக்கு இது பிடிக்காதுன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க. போகும்போது அவங்க முதுகைப் பார்த்தேன், இடுப்பு வரைக்கும் இறுக்கமா பின்னல். இப்ப 1 தீமோத்தேயு 2:9 எடுத்துப் பாருங்க. பவுல் முதல்ல சொல்றது மயிரைப் பின்னுறதைத்தான், அப்புறம்தான் பொன், அப்புறம் முத்து, அப்புறம் விலையேறப்பெற்ற வஸ்திரம். நாலுல ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆவியானவர் வந்தாரு போனாருன்னு சொல்ல யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தா?

பூர்வபாதை:
எழுதினது நான்தான் சிஸ்டர், ஒருத்தர்னு மறைச்சு சொல்ல வேண்டாம். வசனத்துல இருக்குறது சும்மா பின்னல் இல்ல. அந்தக் காலத்துப் பணக்காரப் பொம்பளைங்க பொன்னும் முத்தும் கோத்து அடுக்கடுக்கா தலை கட்டுவாங்க, அதைத்தான் சொல்றாரு. சின்ன வயசுல கிளிப்பைப் பிடுங்குனாங்கங்கிறதுக்காக உபதேசத்தையே மாத்தணுமா? எரேமியா 6:16 பூர்வ பாதையை விசாரிச்சு அதுல நடங்கன்னு சொல்லுது, புதுசா ரோடு போடச் சொல்லல.

எஸ்தர்மகள்:
பின்னல்னு வந்தா மட்டும் ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போய் அந்தக் காலத்துப் பணக்காரங்களை எல்லாம் பார்த்துட்டு வர்றீங்க. பொன்னுன்னு வந்தா அந்தக் காலம் கிடையாது, எந்தக் காலத்துக்கும் பொன் பொன்தான். ஒரே வசனம், ஒரே வாக்கியம் பிரதர். பின்னலுக்கு விளக்கம் உண்டுன்னா பொன்னுக்கும் உண்டு, பொன்னுக்குக் கிடையாதுன்னா பின்னலுக்கும் கிடையாது. எது?

கடைசிபெஞ்ச்:
பூர்வ பாதைன்னா எந்த வருஷத்துப் பாதைன்னு முதல்ல சொல்லுங்க. பொன் போடாதேங்கிற சட்டம் பெந்தெகொஸ்தேக்காரங்க கண்டுபிடிச்சதே இல்ல. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்குன ஜான் வெஸ்லி 1743-லயே தன் ஆளுங்களுக்குப் போட்ட பொது விதிகள்ல பொன்னும் விலை உயர்ந்த உடையும் கூடாதுன்னு இருக்கு, அது மெத்தடிஸ்டுகள்ல இருந்து கிளம்புன பரிசுத்தமாகுதல் இயக்கம் வழியா நமக்கு வந்தது. 1906-ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவுல நடந்த, பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான எழுப்புதல்ல ஊரே திரும்பிப் பார்த்தது யார் காதுல என்ன இருக்குன்னு இல்ல. அடிமையா இருந்தவங்களோட மகன் வில்லியம் சீமோர் நடத்துன கூட்டத்துல கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா முழங்கால் போட்டாங்க, அதான். அந்தப் பூர்வ பாதையை அதுக்கப்புறம் எத்தனை சபை காப்பாத்துச்சு? வெள்ளையருக்குத் தனி சபை, கறுப்பருக்குத் தனி சபைன்னு ஆனப்போ ஆவியானவர் போயிட்டாருன்னு யாராவது எழுதுனாங்களா?

பூர்வபாதை:
இது வந்து பேச்சை மாத்துறது. நகையைப் பத்திக் கேட்டா சரித்திரப் பாடம் எடுக்குறீங்க.

கடைசிபெஞ்ச்:
இன்னொரு பாடமும் எடுத்துக்கோங்க. அமெரிக்காவோட பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பு அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1917-ல போர்ல ஆளைக் கொல்லுறதுல நாங்க பங்கெடுக்க மாட்டோம்னு எழுதி வச்சிருந்தாங்க. 1967-ல அதை எடுத்துட்டு அவங்கவங்க மனசாட்சிக்கு விட்டுட்டாங்க. கொலை செய்யுறதா வேணாமாங்கிறதையே மனசாட்சிக்கு விட்டுட்டு, கம்மலுக்கு மட்டும் திருவிருந்துப் பந்தியை மறுக்குற சபைகள் இருக்கே, இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளைஉடுப்பு:
எல்லாரும் புஸ்தகத்துல படிச்சதைப் பேசுறீங்க, நான் பார்த்ததைச் சொல்றேன். எங்கம்மாவுக்கு காதுல போட பொட்டுத் தங்கம் கிடையாது. சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னா பின்வரிசையில போய் நிப்பாங்க, கழுத்தைத் துணியால மூடிக்குவாங்க. அவங்க தலை நிமிர்ந்து முன்வரிசையில உக்காந்த ஒரே இடம் சபைதான், ஏன்னா அங்க யாருக்குமே நகை இல்ல, முதலாளி பொண்டாட்டி கழுத்தும் எங்கம்மா கழுத்தும் ஒண்ணா இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் திறந்து விட்டாச்சு, மறுபடியும் அம்மா கழுத்தை மூடிக்கிறாங்க. இதுக்கு உங்க வெஸ்லியும் சீமோரும் என்ன பதில் சொல்லுவாங்க?

எஸ்தர்மகள்:
சிஸ்டர் உங்கம்மாவைப் பத்தி படிச்சு கண்ணு கலங்கிடுச்சு, நிஜமாத்தான் சொல்றேன். ஆனா பவுல் சொன்ன நாலாவது விலையேறப்பெற்ற வஸ்திரம், அதை உங்க சபையில யாராவது தடுத்தாங்களா? நகை இல்லாத சபையிலயும் யாரு பணக்காரங்கன்னு துணியைப் பார்த்தா தெரியும், செருப்பைப் பார்த்தா தெரியும், எங்க பாஸ்டர் கையில மின்னுன வாட்ச்சைப் பார்த்தா இன்னும் நல்லாத் தெரியும். நாலையும் தடுத்திருந்தா நானே எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன். பின்னலை விட்டுட்டீங்க, துணியை விட்டுட்டீங்க, ஏழை வீட்டுப் பிள்ளையோட கண்ணாடிக்கல் கிளிப் மட்டும் கண்ணுல பட்டுச்சு.

பூர்வபாதை:
மறுபடியும் பின்னலா? அமெரிக்காவுல கட்டுப்பாட்டைத் தளர்த்துன பெந்தெகொஸ்தே அமைப்புகளைப் போய்ப் பாருங்க. சர்ச் ஆஃப் காட் 1988-ல பழைய கட்டளைகளைத் திருத்துனாங்க. ஐக்கிய பெந்தெகொஸ்தே சபையில 2007-ல டிவியில விளம்பரம் பண்ணலாம்னு முடிவு எடுத்தாங்க, அது பிடிக்காம எத்தனை ஊழியர்கள் வெளிய போனாங்க. ஒரு ஓட்டை விட்டா கப்பலே முழுகும்.

மூணாம்மணி:
அவங்க போன வேகம் தெரியும் பிரதர். டிவி பிசாசோட பெட்டின்னு சொல்லி, போன வருஷம் இதே இடத்துல என்னை மோசேயை எதிர்த்த கோராகின் கூட்டத்தான்னு சொன்னவர் நீங்கதான், நான் மறக்கல. இப்ப உங்க பிரசங்கம் ஒவ்வொரு வாரமும் போன்ல வீடியோவா ஓடுது. பெட்டி சின்னதானா பிசாசும் சின்னதாயிடுமா?

பூர்வபாதை:
அது சுவிசேஷத்துக்கு. வீட்டுல உக்காந்து சினிமா பார்க்குறதும் அதுவும் ஒண்ணில்ல.

மூணாம்மணி:
அன்னைக்கு நானும் இதே வார்த்தையைத்தானே சொன்னேன்!!! அப்ப ஏத்துக்கிட்டீங்களா? மன்னிப்பு கேட்டீங்களா?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்கப் பெந்தெகொஸ்தே பிரசங்கி ஏமி செம்பிள் மெக்ஃபெர்சன் 1924-லயே சொந்தமா ரேடியோ நிலையம் வச்சு சுவிசேஷம் சொன்னவங்க. 1927-ல முடியை வெட்டிக்கிட்டாங்கன்னு அவங்க ஆளுங்களே கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. ரேடியோ சரி, முடி மட்டும் தப்பு.

பூர்வபாதை:
பொம்பளை பிரசங்கியை உதாரணம் காட்டுறீங்களா, அதுலயே தெரியுது நீங்க எங்க நிக்கிறீங்கன்னு.

எஸ்தர்மகள்:
ஓ, அதுவும் பாவமா? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில இருபது வருஷமா உங்க பிள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக் குடுத்தது எல்லாம் பொம்பளைங்கதான், அப்ப வலிக்கலையா? முடியைப் பத்திப் பேச 1 கொரிந்தியர் 11 எடுப்பீங்க, அதே அதிகாரத்துல ஸ்திரீ தீர்க்கதரிசனம் சொல்றா, அதைத் தாண்டிக் குதிச்சிடுவீங்க. சரி அதை விடுங்க, நான் கேட்டது அது இல்ல. பின்னல் ஏன் அனுமதி? ரெண்டு வரியில சொல்லுங்க.

பூர்வபாதை:
சொல்லிட்டேன். கேக்க மனசில்லாதவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. உங்களுக்காக உபவாசம் எடுத்து ஜெபிக்கிறேன்.

எஸ்தர்மகள்:
ஜெபிங்க, நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன். அந்த மூப்பரோட மனைவிக்காகவும் இத்தனை வருஷமா ஜெபிச்சிட்டுதான் இருக்கேன். பதில் வரல.

வெள்ளைஉடுப்பு:
துணியைப் பார்த்தா தெரியும்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்களே எஸ்தர் சிஸ்டர், எங்கம்மாகிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு வெள்ளைத் துணி, ஒண்ணு துவைச்சுப் போட்டா ஒண்ணு கட்டுவாங்க, முன்வரிசையில அவங்க பக்கத்துல உக்காந்தவங்க யாரும் அதைப் பார்த்து முகம் சுளிச்சதில்ல. உங்க சபை அப்படி இருந்தா எங்க சபையும் அப்படித்தான்னு எப்படிச் சொல்லுவீங்க?

மூணாம்மணி:
பூர்வபாதை பிரதர் இன்னும் மன்னிப்பு கேக்கல, எல்லாரும் குறிச்சு வச்சுக்கோங்க.