அம்மாவின் பிரஷர் மாத்திரை: தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு அம்லோடிபின் மட்டும் போதவில்லை. டெல்மிசார்ட்டான் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையாக டாக்டர் மாற்றியிருக்கிறார். ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இப்படிச் சேர்த்தால் பிரஷர் நன்றாக இறங்கும், அம்லோடிபினால் வரும் கால்வீக்கமும் குறையலாம் என்றார். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. சாயங்காலமானால் அம்மாவின் கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுகிறது. செருப்பு வார் பதிந்து கிடக்கிறது.

நம்ம பக்கத்து மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இந்தக் கூட்டு மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்குமா? ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாதே, அதுதான் கவலை. மாற்றிய பிறகு யாருக்காவது வீக்கம் வற்றியதா, எத்தனை வாரத்தில்? அப்புறம், இந்த மாத்திரைக்காக ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க நாகர்கோவில் போகாமல் பக்கத்திலேயே நல்ல லேப் இருக்கிறதா? உப்பைக் குறைக்க வீட்டில் கருவாட்டை நிறுத்த வைத்தவர்களும் வழி சொல்லுங்கள்.