புதுப்பிப்பு: தூய விஞ்ஞானமா, பிரயோக விஞ்ஞானமா?

இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடித்த நான், தூய விஞ்ஞானத்தில் ஆய்வுப் பட்டத்துக்குப் போவதா, பிரயோகத் துறையில் முதுவிஞ்ஞானமாணி படிப்பதா, எது தொழிலுக்கு உதவும் என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். அக்கறையோடு பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பிரயோகத் துறையான பகுப்பாய்வு இரசாயனவியல் படிக்க விண்ணப்பித்துள்ளேன்.

விரிவுரையாளர் பதவியை மட்டுமே நம்பியிருக்க என் குடும்ப நிலை இடம் தரவில்லை. நீர், உணவு, கனியம் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களோ கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்களையே தேடுகின்றன. ஆயினும், எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை மணலில் உள்ள, இரும்பு கொண்ட கனியமான இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்பட, அதே மணலின் இரும்பு ஏறத்தாழ இல்லாத கனியமான ரூட்டைல் ஏறத்தாழ ஈர்க்கப்படாதிருப்பது ஏன் என்பதை இரும்பு அயன்களின் இலத்திரன் அமைப்பே விளக்குகிறது என்பதால், தூய இரசாயனவியல் நூல்களை நான் மூடிவைக்கப்போவதில்லை. நேர்முகத் தேர்வு முடிந்ததும் மீண்டும் எழுதுகிறேன்.